பங்குனி இரவும் இலுப்பைப் பூவும்: செட்டிநாட்டுக் கோயில் காரியக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: செட்டிநாட்டு நகரக் கோயில்கள், ஊர்க் கோயில்களின் காரியக்காரர்கள், ஊராட்சி மன்றத்தார், பெரிய வீடுகளைப் பொதுவில் வைத்திருக்கும் பங்காளிகள்.

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கு வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பங்குனியும் சித்திரையும் இலுப்பை பூக்கும் மாதங்கள். அந்த இரண்டு மாதமும் கோயில் வளாகத்திலும் ஊருணிக் கரையிலும் நிற்கிற இலுப்பை மரங்களில் சீரியல் விளக்குச் சுற்றாதீர்கள். போகஸ் லைட்டை மரத்தின் பக்கம் திருப்பாதீர்கள். வௌவால் அசிங்கம் செய்கிறது என்று சொல்லிக் கிளையைக் கழிக்காதீர்கள். திருவிழா நடக்கட்டும், தேர் ஓடட்டும். மரத்தின் தலை மட்டும் இருட்டில் இருந்தால் போதும்.

இதைக் கேட்டதும் "வௌவாலுக்காகவா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். ஆனால் அந்த மரத்தில் ராத்திரி நடக்கும் வேலை என்ன, அது எத்தனை காலத்து வேலை என்று தெரிந்துகொண்டு சிரித்தால் நல்லது. அதனால் இந்த மடல் கொஞ்சம் நீளும்.

"ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை" என்கிறோம். பழமொழியில் ஒரு சின்ன ஏளனம் இருக்கிறது. வேறு கதியில்லாதவன் தின்பது என்று. வௌவாலுக்கு அந்த ஏளனம் பொருந்தாது. இலுப்பைப் பூவின் அல்லி, அதாவது இதழ்ப்பகுதி, வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவான நிறத்தில், சதைப்பிடிப்பாக, கடித்தால் சாறு வடிகிற மாதிரி இருக்கும். கிளை நுனியில் கொத்தாகத் தொங்கும். இலை உதிர்ந்து, செம்பு நிறத் துளிர் வருகிற சமயத்தில் பூப்பதால் மறைப்பு இல்லை. பறந்து வருகிற விலங்கு நேராகப் பூவுக்கு வந்துவிடலாம். மணம் லேசான புளிப்பேறிய மணம்; மல்லிகைபோல் மனிதனை மயக்குகிற வகை இல்லை. விடிவதற்கு முன்னே அல்லி உதிர்ந்து மரத்தடியில் கிடக்கும். வெளிர் நிறம், இலைக்கு வெளியே தொங்கல், இரவு மணம், விடியலில் உதிர்வு என்று ஒவ்வொன்றையும் சேர்த்துப் பாருங்கள். பகலில் வரும் தேனீயைவிட இரவில் வருகிறவனை எதிர்பார்த்தே இந்தப் பூ அமைந்திருப்பது தெரியும்.

பூவுக்குள் நடப்பது இன்னும் நுட்பம். மகரந்தத்தை ஏற்கும் முனையான சூல்முடிதான் முதலில் மொட்டைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டு வரும். மகரந்தம் பிறகுதான் பக்குவமாகும். ஆகவே முதலில் நீட்டிய சூல்முடிக்கு வேறொரு பூவின் மகரந்தம் வந்து சேர வேண்டும். காற்றும் ஓரளவு கொண்டுவரும். மீதியை வௌவால் செய்கிறது. கொத்தின் மேல் வந்து தொற்றி, முகத்தைப் புதைத்து, பக்குவமான பூவின் சதை அல்லியைக் கழற்றி எடுத்துச் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்புகிறது. சூல்பை காம்போடு மரத்திலேயே நிற்கிறது, அதுதான் காயாகும். "வௌவால் பூவைத் தின்று காயைக் கெடுக்கிறது" என்று சொல்வது இந்த இடத்தில் பிழையாகிறது. அது எடுத்துப்போவது வேலை முடிந்து எப்படியும் விடியலில் உதிரப்போகிற பாகத்தை.

நம் பக்கத்தில் பூவுக்கு வருகிற பழந்தின்னிகள் மூன்று. முதலாவது குறுமூக்குப் பழந்தின்னி; 40, 50 கிராம் எடை, பனையோலை மடிப்பிலும் நெட்டிலிங்க மரத்திலும் சிறு கூட்டமாகத் தங்கும். இரண்டாவது ரூசெட்டஸ், அதைவிடக் கொஞ்சம் பெரியது, பழைய மண்டபங்களிலும் குகைகளிலும் இருட்டறைகளிலும் கூட்டமாகத் தொங்கும். மூன்றாவது ஆலமரத்திலும் மருதிலும் பகலெல்லாம் கூச்சலிட்டுக்கொண்டு தொங்குகிற பெரிய பழந்தின்னி. ஒரு கிலோவுக்கு மேலும் வளரும், இறக்கை விரிந்தால் நாலடி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மாரிமுத்துவும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ஆய்வுகளில், இந்த மூன்றும் இலவம்பஞ்சு மரத்துப் பூவுக்கு வந்து தேன் குடித்து மகரந்தம் சுமப்பது 2004-இல் பதிவாகியிருக்கிறது. இலுப்பையைப் பற்றியும் 2009-இல் அதே துறையிலிருந்து ஆய்வு வந்தது. நமக்கு ஒன்றரை மணி நேரப் பயண தூரத்தில் நடந்த வேலை; வெளிநாட்டுச் சங்கதி அல்ல.

இந்த மூன்றில் ஒன்றுகூடத் தேனை மட்டும் நம்பிப் பிழைப்பதில்லை. பழம் கிடைத்தால் பழம், பூ கிடைத்தால் பூ, சில சமயம் இலைகூட. "அப்படியானால் தேன் குடிப்பது அதற்கு ஒரு நொறுக்குத் தீனிதானே" என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உலகத்தின் மறுபக்கம் வரைக்கும் போய்வர வேண்டியிருக்கிறது.

வௌவால்களின் மிகப் பழைய முழு எலும்புக்கூடுகள் அமெரிக்காவின் வயோமிங்கில் ஏறத்தாழ 5.2 கோடி ஆண்டுப் பழைய பாறையில் கிடைத்தவை. அந்தக் காலத்து வௌவால்கள் பூச்சி தின்றவை. பிறகு இரண்டு தனித்தனிக் கிளைகளில் தேன் குடிப்பது தோன்றியது. ஒன்று அமெரிக்கக் கண்டங்களின் இலைமூக்கு வௌவால்கள். இன்னொன்று ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியாவின் பழந்தின்னிகள். நம் மூன்றும் இந்த இரண்டாவதைச் சேர்ந்தவை. இரண்டு கிளைக்கும் பொதுவான மூதாதை 5 கோடி ஆண்டுக்கும் முன்னால் வாழ்ந்தது. அது தேன் குடித்ததில்லை. ஆக, ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டது கிடையாது. இரண்டு பக்கமும் அதே கணக்கைத் தனியாகப் போட்டு ஒரே விடைக்கு வந்திருக்கின்றன.

விடை என்ன? நீண்ட மூஞ்சி, சிறுத்த பல், நீளமான நாக்கு, நாக்கு நுனியில் தூரிகை போன்ற மயிர்முனைகள். தேனை மெல்ல வேண்டியதில்லை, அதனால் பல் குறைகிறது. நாக்குப் போய்வர வழி வேண்டும், அதனால் முன்பல் தேய்கிறது அல்லது விழுகிறது. அமெரிக்கக் கிளையில் இது எல்லை தாண்டிப் போயிற்று. பத்துக் கிராம் எடையுள்ள குளோசோபேகா என்ற வௌவாலின் நாக்கு நுனியில் உள்ள மயிர்முனைகள், நாக்கு நீளும் கணத்தில் ரத்தம் பாய்ந்து விறைத்து நிமிர்ந்து துடைப்பம்போல் தேனை ஒற்றி எடுக்கின்றன. 2013-இல் அதிவேகப் படக்கருவி வைத்துத்தான் இதைப் பார்க்க முடிந்தது. அதன் உறவுக் கிளை ஒன்றில் மயிர்முனை வேலை குறைவு. நாக்கின் இரு பக்கமும் வாய்க்கால்போல் பள்ளம் ஓடுகிறது. தேனுக்குள் நாக்கை வைத்தபடியே பள்ளத்தின் வழியே இழுக்கிறது. ஒரே குடும்பத்துக்குள்ளேயே இரண்டு விதப் பொறிகள். அதனால் அந்தக் குடும்பத்தில் தேன் குடிப்பது இரண்டு முறை தோன்றியிருக்கலாம் என்று வாதம் நடக்கிறது. ஈக்குவடோர் மலைக்காட்டு அனோரா பிஸ்டுலேட்டாவின் நாக்கு 8.5 சென்டிமீட்டர், உடல் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு. வாயில் இடம் இல்லாமல் நாக்கின் அடி நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கிக் கிடக்கிறது. அந்த நாக்குக்கென்றே ஒரு பூ, கிட்டத்தட்ட அதே நீளக் குழலோடு, அதே காட்டில் இருக்கிறது.

இந்த அமெரிக்க வௌவால்கள் ரீங்காரச் சிட்டுபோல் அந்தரத்தில் நின்று குடிக்கும். அதற்கு ஏகப்பட்ட எரிபொருள் வேண்டும். குளோசோபேகா ஓர் இரவில் தன் எடையைப்போல் ஒன்றரை மடங்கு தேன் குடிக்கிறது; குடித்த சர்க்கரையைக் கொழுப்பாக்கிச் சேர்த்துவைக்காமல் பெரும்பகுதியை அப்போதைக்கப்போதே எரித்துவிடுகிறது. கையில் காசு, வாயில் தோசை என்கிற குடித்தனம். ஓர் இரவு பூ கிடைக்காவிட்டால் மறுநாள் தாங்காது.

நம் பக்கத்துக் கிளை வேறு வழியில் போயிற்று. பழந்தின்னிகள் பெரும்பாலும் அந்தரத்தில் நிற்பதில்லை. வந்து பூவைப் பற்றிக்கொண்டு குடிக்கும். ஆகவே இந்தப் பக்கத்து வௌவால் பூக்கள் கனமான காம்போடு, முரட்டுத்தனமாக, ஓர் ஆளைத் தாங்குகிற மாதிரி இருக்கும். காட்டு வாழை, டூரியன், இராமநாதபுரம் பக்கத்துப் பொந்தன்புளி எல்லாம் இந்தச் சாதி. பழந்தின்னிகளில் ரூசெட்டஸ் மட்டும் நாக்கைச் சொடுக்கி எதிரொலி பார்க்கும். மற்றவை கண்ணையும் மூக்கையும் நம்பி வருகின்றன. அமெரிக்கப் பக்கத்தில் சில செடிகள் எதிரொலியைத் திருப்பியனுப்பத் தட்டுபோல் குழிந்த இலையே வளர்த்து வைத்திருக்கின்றன. கியூபாவில் ஒரு கொடியின் அந்த இலை, வௌவால் பூவைத் தேடும் நேரத்தைப் பாதியாக்குகிறது என்று 2011-இல் அளந்திருக்கிறார்கள். நம் இலுப்பைக்கு அந்த வித்தை தேவைப்படவில்லை; வெளிர் நிறமும் மணமும் போதும். இதை நினைவில் வையுங்கள், விளக்கு விஷயத்துக்கு வரும்போது வேண்டியிருக்கும்.

பழந்தின்னிக் குடும்பத்திலும் தேனுக்கென்றே ஆனவை உண்டு. தென்கிழக்காசியக் குகைகளில் வாழும் இயோனிக்டெரிஸ் டூரியன் மரங்களுக்கு மகரந்தம் கொண்டுபோகிறது. பூத்த மரம் தேடி ஒரே இரவில் பல பத்து கிலோமீட்டர் பறக்கும். மேக்ரோகுளோசஸ் என்பது காட்டு வாழைப்பூவைச் சுற்றும் சின்ன வௌவால். பெயருக்கே நெடுநாக்கன் என்றுதான் பொருள். இந்த நெடுநாக்கன்களை எல்லாம் நாக்கைப் பார்த்து ஒரே துணைக்குடும்பமாக நெடுநாள் கட்டிவைத்திருந்தார்கள். மரபணுவைப் படித்த பிறகு தெரிந்தது, இவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. வெவ்வேறு பழந்தின்னி வம்சங்கள் தனித்தனியாகத் தேனுக்குப் போயிருக்கின்றன. நாக்கு வகைப்பாட்டாளரை ஏமாற்றிவிட்டது.

நம் மூன்றுக்குத் திரும்புவோம். தேனுக்கென்றே ஒரு வௌவால் உருவாக வேண்டுமானால் வருஷம் முழுக்க ஏதோ ஒரு மரம் பூத்துக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்காட்டில் அது நடக்கும். செம்மண்ணும் ஊருணியும் நாலு மாத மழையும் உள்ள நம் பூமியில் நடக்காது. இடையில் பூவில்லாத மாதங்கள் வந்துவிடும். பழமும் பூவும் மாற்றி மாற்றித் தின்பது இந்த வறண்ட நிலத்துக்குச் சரியான பிழைப்பு. இதைப் பாதிவழியில் நின்றுபோன பரிணாமம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு, பரிணாமத்துக்குப் போய்ச் சேர வேண்டிய ஊர் என்று ஒன்று கிடையாது. ஆனால் இந்தப் பிழைப்புக்கு ஒரு பலவீனம் உண்டு. பூவும் பழமும் ஒன்றையொன்று கைமாற்றிவிடுகிற வரிசை அறுந்தால் அந்த மாதத்தில் பட்டினி. செட்டிநாட்டில் அந்த வரிசை மார்கழி முதல் மாசி வரை இலவம்பஞ்சு மரம், பங்குனி சித்திரையில் இலுப்பைப் பூ, ஆனி ஆடியில் இலுப்பைப் பழம், நடுவில் அத்தி, ஆல், வேப்பம்பழம், எப்போதும் வாழை. சங்கப் பாட்டிலேயே வேப்பம்பழம் தின்று சலித்த வாவல் இருப்பைப் பழத்தைத் தேடிப் போகிறது. இருப்பை என்பதுதான் நம் இலுப்பை. நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயிலில் ஒன்றின் ஊர்ப்பெயரே இலுப்பைக்குடி என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இலவம்பஞ்சு மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இது வெப்பமண்டல அமெரிக்காவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் இயற்கையாக உள்ள மரம். நமக்குத் தலையணைப் பஞ்சுக்காக வந்தது. அமெரிக்காவில் இதன் பூவை இலைமூக்கு வௌவால் குடிக்கிறது. ஆப்பிரிக்காவில் வேறொரு பழந்தின்னி. இங்கே நம் குறுமூக்கன், யாரும் சொல்லிக்கொடுக்காமல். 5 கோடி ஆண்டு பிரிந்திருந்த இரண்டு வம்சத்துக்கும் ஒரே பூ ஒத்துப்போகிறது என்றால் வௌவால் பூவுக்கென்று ஓர் அளவு, ஒரு நேரம், ஒரு மணம் உலகம் முழுக்கப் பொதுவாக இருக்கிறது என்று அர்த்தம். இதுவரை கணக்கெடுத்த வரையில் 67 தாவரக் குடும்பங்களில் 528 இனங்கள் இப்படி வௌவாலை நம்புகின்றன.

இனி வேலைக்கு வருவோம்.

விளக்கு. குறுமூக்கனும் பெரிய பழந்தின்னியும் கண்ணை நம்பி வருகிறவை என்று சொன்னோம். அந்தக் கண் மங்கலுக்குப் பழகியது. மரத்தின் மேல் வெள்ளை எல்.இ.டி. வெளிச்சம் அடித்தால் வருவதே இல்லை, அல்லது நடுநிசிக்கு மேல் ஒன்றிரண்டு வந்துவிட்டு ஓடும். அதற்குள் பூ உதிரும் நேரம் நெருங்கிவிடும். கோபுர விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. விளக்கின் மேல்பக்கமும் பக்கவாட்டும் தகரம் வளைத்து மூடி, ஒளி கோபுரத்தில் மட்டும் விழும்படி திருப்புங்கள். புதிதாக வாங்கினால் 2700 கெல்வினோ அதற்குக் குறைவோ உள்ள மஞ்சள் விளக்கு வாங்குங்கள். பெட்டியின் மேலேயே எண் போட்டிருக்கும். இரவு 10 மணிக்கு அர்த்தசாமப் பூசை முடிந்ததும் அணைய டைமர் வையுங்கள். சீரியல் செட்டை மரத்துக்குப் பதில் மதிலிலும் பந்தல் காலிலும் கட்டலாம். மரத்தில் கட்டியதை விழா முடிந்து யாரும் அவிழ்ப்பதில்லை என்பது இன்னொரு தொல்லை. இரண்டே வருஷத்தில் கம்பி பட்டையை அறுத்துவிடும். பழைய வீடுகளை விடுதியாக்கியிருக்கிறவர்களும் முற்றத்து மரங்களுக்கு இதே கணக்கைப் பாருங்கள்.

வேட்டு. பெரிய பழந்தின்னி தங்கும் மரத்தடியில் பகலில் சரவெடி போட்டால் கூட்டம் மொத்தமும் வெயிலில் கிளம்பும். குட்டியைச் சுமந்த தாய் வெப்பத்தில் வாடி விழும். திருப்பத்தூர் வட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கே வெடிப்பதில்லை. அந்த அளவு கேட்கவில்லை. தங்கும் மரத்திலிருந்து இருநூறடி தள்ளி வெடியுங்கள்.

மரம். இலுப்பையைச் சுற்றிப் பேவர் பிளாக் பதிக்கும்போது அடிமரத்திலிருந்து எட்டடியாவது மண்ணாக விடுங்கள். தளம் போட்ட மரம் உடனே சாகாது. நாலைந்து வருஷத்தில் உச்சி காய்ந்து, பூ குறைந்து, "வயசாகிவிட்டது" என்று வெட்ட ஆள் வருவார்கள்.

புதிதாக வைக்க வேண்டுமானால் விதையில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். இலுப்பை விதை காயவைத்துச் சேமிக்கிற விதை அல்ல. உலர்ந்தால் முளைப்புச் சில வாரத்தில் போய்விடும். ஆனி ஆடியில் விழுந்த பழத்தைப் பொறுக்கி, சதையைக் கழுவி நீக்கி, நிழலில் ஈரம் வற்றவைத்து ஒரு வாரத்துக்குள் ஊன்றிவிடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. விதையைப் படுக்கைவசமாக வைத்து 2 சென்டிமீட்டர் மண் மூடினால் போதும். ஆழமாகப் போனால் அழுகும். ஆணிவேர் வேகமாக இறங்கும். ஆகவே பத்து அங்குலத்துக்குக் குறையாத ஆழமான பை வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் பையில் வைத்தால் வேர் சுருண்டுவிடும், பிறகு எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் மரம் நிமிராது. ஐப்பசி மழையில் இரண்டடிக்கு இரண்டடி குழியில், முப்பதடி இடைவெளி விட்டு நடுங்கள். முதல் இரண்டு கோடைக்கு வாரம் இருமுறை குடத்துத் தண்ணீர், ஆட்டுக்கு முள்வேலி. பூக்கப் பத்து வருஷம் ஆகலாம். ஓர் ஊருணிக் கரைக்கு ஐந்து மரமாவது வைத்தால்தான் மரத்துக்கு மரம் மகரந்தம் மாறும். ஒற்றை மரம் போட்டோவுக்கு அழகு, காய்க்குப் போதாது.

அந்தப் பத்து வருஷத்துக்கு இடைக்கால ஏற்பாடு இலவம்பஞ்சு. நாலடிப் போத்து வெட்டி மழைக்காலத்தில் நட்டாலே பிடிக்கும், சில ஆண்டில் பூக்கும். கிளை முறியும் சுபாவம் உள்ளது; ஓட்டுக் கூரைக்கும் மின்கம்பிக்கும் பாதைக்கும் தள்ளி வையுங்கள். நந்தவனத்து வாழையில் தார் போட்டதும் பூவை ஒடித்துச் சமைக்க எடுத்துவிடுகிறோம். இருபதுக்கு ஒன்றை விட்டுவையுங்கள். தோட்டத்து வாழை மகரந்தம் இல்லாமலே காய்ப்பது. வௌவாலால் அதற்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை, மடல் விரியும்போது ஊறுகிற தேன் மட்டும் வௌவாலுக்கு. மெக்சிகோவில் இதே கணக்கைத்தான் செய்தார்கள். டெக்கீலா சாராயத்துக்காக, நம் வேலியோர ரயில் கற்றாழையின் உறவுச் செடியை, பூக்குமுன்பே வெட்டுகிறார்கள். பூத்தால் சர்க்கரை தண்டுக்குப் போய்விடும். பூவை நம்பிய நீள்மூக்கு வௌவால் குறைந்தது. நூற்றுக்கு ஐந்து செடியைப் பூக்கவிடும் தோட்டங்களுக்குத் தனி முத்திரை கொடுத்தார்கள். குகைகளைக் காத்ததும் சேர்ந்து அந்த வௌவால் தேறி, அமெரிக்க அழிநிலைப் பட்டியலிலிருந்து 2018-இல் நீக்கப்பட்டது.

வலை. கொய்யா, மா, சப்போட்டாவுக்குப் போடும் மெல்லிய நைலான் வலை வௌவாலுக்குத் தூக்குக் கயிறு. சுண்டுவிரல் நுழையாத வலை, அதாவது இழுத்துப் பிடித்தபோதும் கண் 5 மில்லிமீட்டருக்கு மேல் போகாதது, வெள்ளை நிறம், சட்டத்தில் விறைப்பாகக் கட்டியது என்றால் சிக்காது, பழமும் தப்பும். தொளதொளவென்று மரத்தின் மேல் போர்த்தினால் எந்த வலையும் பொறிதான்.

பங்காளிகளுக்குத் தனியாகச் சில சொற்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டைப் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ திறக்கும்போதுதான் வௌவால் ஞாபகம் வருகிறது. நாளைக்கே விரட்ட வேண்டும் என்கிறார்கள். முதலில் எச்சத்தைப் பாருங்கள். காய்ந்து, விரலில் நசுக்கினால் பூச்சி இறக்கைத் துணுக்கு மினுமினுக்கிற பொடியானால் அது பூச்சி தின்னும் வௌவால். கொசுவும் வண்டும் தின்று உங்களுக்குச் சும்மா வேலை செய்கிறது. ஈரமாக, விதையும் சக்கையுமாகச் சுவரில் தெறித்திருந்தால் பழந்தின்னி. ஆத்தங்குடிக் கல்லில் அதைக் கழுவ ஆசிட் ஊற்றாதீர்கள். சிமெண்டுக் கல்லின் நிறமே கரைந்துவிடும். காயுமுன் தண்ணீரும் துணியும் போதும்.

இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஐப்பசி முதல் மார்கழி வரை செய்யுங்கள். மற்ற மாதங்களில் குட்டி இருக்க வாய்ப்பு அதிகம். தாய் வெளியே, குட்டி உள்ளே என்று அடைத்தால் வீடு ஒரு மாதம் நாறும். அந்த மாதங்களிலும் டார்ச் அடித்துக் குட்டி இல்லை என்று பார்த்த பிறகே தொடங்குங்கள். மூன்று நாள் அந்தியில் நின்று எந்த இடுக்கு வழியாக வெளியேறுகிறது என்று குறியுங்கள். அந்த இடுக்கின் மேலும் இரு பக்கமும் வலையை அறைந்து, கீழ்ப்பக்கம் ஒன்றரை, இரண்டடி தொங்கவிடுங்கள். வெளியே போகிறது வலைக்கடியில் நழுவிப்போகும், திரும்பி வரும்போது இடுக்கைத் தேடி மோதிவிட்டு வேறிடம் போகும். ஒரு வாரம் விட்டு, உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்தபின் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள். ஒரு சென்டிமீட்டர் இடுக்குக்கூடச் சின்ன வௌவாலுக்கு வாசல். ரச உருண்டை, மண்ணெண்ணெய், புகை எல்லாம் இரண்டு நாள் வித்தை. கடையில் விற்கிற அல்ட்ராசோனிக் கருவியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எதிரொலியை நம்பி வராத குறுமூக்கனுக்கு எதிரொலியைக் குழப்பும் கருவி எதற்கு?

பழைய எச்சத்தை வாரும்போது முதலில் தண்ணீர் தெளியுங்கள், முகக்கவசம் போடுங்கள். காய்ந்த தூசியோடு பூஞ்சை நுரையீரலுக்குப் போகும். கீழே விழுந்த வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். தடித்த துண்டைப் போட்டு எடுத்து மரக்கிளையில் விடலாம். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

நிபா பற்றிய பயம் நியாயமானது. 2018-இல் கோழிக்கோட்டில் வந்தது. அந்த வைரஸுக்குப் பெரிய பழந்தின்னிதான் இயற்கை இருப்பிடம். ஆனால் தொற்றும் வழி தெரிந்ததே: கடித்த பழம், எச்சில் அல்லது சிறுநீர் பட்ட பச்சைப் பதநீர், நோயுற்றவரின் நெருக்கம். மரத்தடியில் பல் பட்ட பழத்தைப் பொறுக்கித் தின்னாதீர்கள். பதநீர் இறக்குகிறவர்கள் சீவிய பாளையையும் கலயத்தின் வாயையும் மூங்கில் தட்டியோ ஓலைப் பாயோ சுற்றி மறைக்கலாம். வங்கதேசத்தில் ஈச்சமரத்துக்கு இந்தத் தடுப்புப் பலித்திருக்கிறது. காய்ச்சிக் கருப்பட்டியானதில் பயமில்லை. தங்கும் மரத்தை வெட்டிக் கூட்டத்தைக் கலைப்பது மட்டும் எதிர்மாறான பலன் தரும்; இடமும் உணவும் இழந்து அலைக்கழிந்த கூட்டம் ஊர்த் தோட்டத்துக்குள் இன்னும் நெருங்கி வரும், நலிந்த வௌவால் வைரஸை அதிகம் வெளியேற்றும்.

சட்டத்தையும் சொல்லிவிடுவோம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னியைக் காக்கை, எலியோடு சேர்த்துத் தீங்குயிர் என்று ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தது. யார் வேண்டுமானாலும் கொல்லலாம் என்று பொருள். 2022-இல் வந்த திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது; 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பழைய நினைப்பில் கவணும் துப்பாக்கியும் எடுக்கிறவர்களை ஊராட்சி தடுக்க வேண்டும். மருந்துக்கு என்று கேட்டு வருகிறவர்களையும்தான்.

விழாச் செலவுக்கு விளக்குக்காரருக்கு அட்வான்ஸ் கொடுப்பது வழக்கமாக மாசியில். அதற்கு முன்னால், தை மாதக் கூட்டத்திலேயே, எந்தெந்த மரம் இருட்டில் நிற்க வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அந்த மரங்களுக்குச் சுண்ணாம்பால் ஒரு பட்டை அடித்துவிடுங்கள். விளக்குக் கட்ட வரும் பையன்களுக்கு அந்த அடையாளம் போதும். பூ உதிர ஆரம்பித்ததும் விடியலில் மரத்தடியைக் கூட்டுகிறவரிடம் சொல்லி, வெள்ளைத் துணி ஒன்று இருபதடிக்கு விரித்து, உதிர்ந்த அல்லியில் பல் பட்டது எத்தனை, முழுசாக விழுந்தது எத்தனை என்று வாரம் ஒரு நாள் எண்ணி எழுதிவைக்கச் சொல்லுங்கள். விளக்கு உள்ள மரத்தடியிலும் ஒரு துணி விரியுங்கள். ஆடியில் இரண்டு மரத்துக் கொட்டையையும் தனித்தனியாக நிறுத்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
இரவுப்பூ மரங்களையும் வௌவால்களையும் கவனித்துவருகிறவர்கள்,
காரைக்குடி வட்டாரம்.